கிரேப்ஸ்-3

கிரேப்ஸ்-3 என்பது தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில், உதகமண்டலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2200 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள அண்டக்கதிர் ஆய்வுக் கருவித் தொகுதி ஆகும். மும்பையில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இதனை நடத்துகின்றது. இந்திய, சப்பானியப் பல்கலைக்கழகங்கள் சில இதில் பங்கு கொள்கின்றன. மிக உயர்ந்த ஆற்றலில் காமாக்கதிர் வானியலை ஆராய்தல் என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் எழுத்துகளைச் சேர்த்து இப்பெயர் இடப்பட்டது. திராட்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வளரும் நாடொன்றில், பெரும்பாலும் சொந்தமாகச் செய்த கருவிகளையும் பழைய கருவிகளின் மீள்பயன்பாட்டையும் கொண்டு முன்னணி இயற்பியல் ஆய்வு நடைபெறுவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

அண்டக்கதிர்கள்

விண்வெளியில் இருந்து புவியை வந்தடையும் உயர் ஆற்றல் துகள்களே அண்டக்கதிர்கள் எனப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை புரோத்தன்கள். இவை வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உள்ள அணுக்கருக்களுடன் மோதும்போது புதிய துகள்கள் தோன்றுகின்றன. அவை மேலும் மோதிப் பெருகித் துகள் பொழிவாகக் கீழிறங்குகின்றன. இப்பொழிவில் மியூவான் என்னும் துகள்களும் உண்டு. மியூவானின் சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு அளவே. எனினும் அவை ஒளியின் வேகத்தை ஒட்டி விரைவதால், சார்பியல் விளைவின் துணையுடன் தரையை எட்டிவிடுகின்றன. நாம் விரித்து வைத்த உள்ளங்கையின் வழியே நொடிக்கு ஒன்று என்ற அளவில் மியூவான்கள் கடந்து செல்கின்றன.

கோலாரில் இருந்து உதகைக்கு

1951 இல் ஓமி பாபா, தம் மாணவர் பி. வி. சிறீகண்டனை கோலார் தங்கவயலுக்கு அனுப்பி, நிலத்தடியில் மியூவான்களை அளக்கச் செய்தார். ஆழம் கூடக்கூட மியூவான்கள் குறையும் என்பதால், அரிய துகள்களைத் தேட ஆழ்ந்த சுரங்கமே ஏற்ற இடம். அங்கு 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 1965 இல், வளிமண்டலத்தில் தோன்றும் நியூத்திரினோக்களின் தடயம் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் இது கண்டறியப்பட்டது.

இச்சுரங்கத்தின் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம் போன்ற மாவட்டங்களில் இருந்து சென்று குடியேறியவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் ஆவர். ஆரணி, கண்ணமங்கலம் ஆகிய ஊர்கள் அன்றைய வட ஆற்காட்டைச் சேர்ந்தவையே. இயற்பியல் நூல்கள் இத்தொழிலாளர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் அவர்கள் குடைந்த சுரங்கம் இன்றி இந்த ஆய்வுகள் ஒன்றும் நடந்திரா.

1980 முதல் கோலாரில் புரோத்தன் சிதைவைத் தேடும் ஆய்வு நடைபெற்றது. சிதைவு உறுதிப்படவில்லை. தங்கம் எடுத்தல் கட்டுபடியாகாமல் போனதால் ஆழ்ந்த பகுதிகள் கைவிடப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் ஆய்வும் முடிவுக்கு வந்தது. சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது. அங்கிருந்த எண்ணிக் குழாய்கள் வீணாகவில்லை. அவை மேலே கொண்டுவரப்பட்டு உதகையில் மீண்டும் பயன்படுத்தப்பட்டன.

கருவிகள்

தொகுதியில் இருவகைக் கருவிகள் உள்ளன. ஒன்று, ஒவ்வொன்றும் 1 சதுர மீட்டர் பரப்புடைய ஏறத்தாழ 400 மிளிர்வு உணர்கருவிகள். இவை 8 மீட்டர் இடைவெளியில் அறுகோண ஒழுங்கில், 25,000 சதுர மீட்டர் பரப்பில் நிறுத்தப்பட்டுள்ளன. இவற்றுக்கு வேண்டிய மிளிர்வு நெகிழித் தகடுகளை ஆய்வுக்கூடத்தார் தாமே செய்யக் கற்றுக்கொண்டனர்.

மற்றொன்று மியூவான் தொலைநோக்கி. இதில் கண்ணாடி வில்லை எதுவும் இல்லை. 6 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் சதுரக் குறுக்குவெட்டும் கொண்ட 3712 எஃகுக் குழாய்களே இதன் உறுப்புகள். குழாய்க்குள் ஆர்கானும் மீத்தேனும் கலந்த வளிமமும் நடுவே ஒரு மெல்லிய கம்பியும் உண்டு. துகள் கடக்கும்போது வளிமம் அயனியாகி, கம்பியில் ஒரு மின்துடிப்பு எழும். குழாய்கள் நான்கு அடுக்குகளாக, ஓர் அடுக்குக்கு மறு அடுக்கு குறுக்காக வைக்கப்பட்டுள்ளதால் துகள் வந்த திசையை அறியலாம். மேலே 2 மீட்டர் தடிப்புள்ள கற்காரை, குறைந்த ஆற்றல் துகள்களை வடிகட்டிவிடுகின்றது. மொத்தப் பரப்பு 560 சதுர மீட்டர்.

தரவும் கணினியும்

மியூவான் தொலைநோக்கி நாள்தோறும் ஏறத்தாழ 400 கோடி மியூவான்களைப் பதிவு செய்கின்றது. இவற்றை ஒவ்வொன்றாகச் சேமிப்பது இயலாது. ஆகவே வானம் 169 திசைகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு திசையிலும் 10 நொடிக்கு எத்தனை மியூவான்கள் வந்தன என்ற எண்ணிக்கை சேமிக்கப்படுகின்றது. தரவுச் சேகரிப்பு மின்னணுவியலின் பெரும்பகுதி உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்டது. துகள் பொழிவை ஒப்புருவாக்கம் செய்வதற்கான கணினிக் கொத்தையும் குழுவினர் சந்தையில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டு உதகையிலேயே அமைத்தனர்.

இது புதிய வழக்கமன்று. அண்டக்கதிர் எண்ணியின் துடிப்புச் சுற்றுகளும் இலக்கக் கணினியின் சுற்றுகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அண்டக்கதிர் ஆய்வில் வளர்ந்த இதே டாட்டா நிறுவனமே டிஃப்ராக் என்னும் கணினியையும் உருவாக்கியது. ஆர். நரசிம்மன் தலைமையில் இதன் முன்மாதிரி 1950களின் நடுவில் உருவாகி, முழுக் கணினி 1960 இல் இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்ட முதற் கணினிகளுள் இது ஒன்று. அன்னியச் செலாவணி அரிதாக இருந்த காலத்தில், ஒரு கருவியை விலைக்கு வாங்குவதா செய்வதா என்ற வினாவுக்கு விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது.

கண்டறிதல்கள்

2014 திசம்பர் 1 அன்று உதகை வானில் எழுந்த இடிமேகத்தின்போது மியூவான்களின் எண்ணிக்கை 18 நிமிடங்களுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு குறைந்தது. இதைக் கொண்டு மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் எனக் கணிக்கப்பட்டது. முடிவு 2019 இல் வெளியானது. இடிமேகங்களில் 100 கோடி வோல்ட் அளவிலான அழுத்தம் இருக்கலாம் என்று சி. டி. ஆர். வில்சன் 1929 இல் கூறியிருந்தார். மேகத்தினுள் பலூன் அனுப்பி அளந்தபோது இதில் பத்தில் ஒரு பங்கே கிடைத்து வந்தது. மியூவான்களோ மேகம் முழுவதையும் ஊடுருவி வருகின்றன.

2015 சூன் 22 இல் கதிரவனில் இருந்து வந்த பெரும் மின்மப் புயலின்போது மியூவான்கள் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பதிவாயின. புவியின் காந்தக் கவசம் தற்காலிகமாக நலிந்ததன் விளைவாக இது விளக்கப்பட்டது. 2024 இல் வெளியான மற்றொரு முடிவு, அண்டக்கதிர்ப் புரோத்தன்களின் ஆற்றல் நிறமாலையில் ஏறத்தாழ 166 டெரா இலத்திரன்வோல்ட் அருகே ஒரு மாற்றத்தைக் காட்டியது.

கரும்பொருள்

அண்டத்திலுள்ள பொருண்மத்தில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு, ஒளியை வெளியிடாத கரும்பொருள் எனக் கருதப்படுகின்றது. அதன் ஈர்ப்பு விளைவு தெரிகின்றது. துகள் இன்னும் பிடிபடவில்லை. கோலார் ஆய்வில் 1975 இல் அறிவிக்கப்பட்ட சில விந்தை நிகழ்வுகளில், பல துகள்தடங்கள் பாறையில் இருந்தன்றி, கருவியைச் சூழ்ந்த காற்றிடத்தில் இருந்து பிரிந்து வந்தன போல் காணப்பட்டன. முடுக்கிகளில் செய்த தேடல்களில் இத்தகையவை சிக்கவில்லை. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம். வி. என். மூர்த்தியும் கோ. ராசசேகரனும், இவை கரும்பொருள் துகள் ஒன்றின் சிதைவாக இருக்கலாமோ என்ற கருத்தை 2014 இல் வெளியிட்டனர். நிகழ்வுகள் மிகச் சில என்பதால் இதனை முடிவாகக் கொள்ள முடியாது.

சரிபார்க்க மீண்டும் ஓர் ஆழ்ந்த கருவி வேண்டும். கோலார் ஆழங்கள் இன்று நீரில் மூழ்கியுள்ளன. சார்க்கண்டின் சாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 550 மீட்டர் ஆழத்தில் 2017 இல் ஓர் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. அது கோலாரின் ஆழத்தில் நாலில் ஒரு பங்கே. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட நியூத்திரினோ ஆய்வகம் இவ்வகை நிகழ்வுகளைத் தேட ஏற்றது என மேற்கண்ட இருவரும் கருதினர். அதற்கு நடுவண் அமைச்சரவை 2015 சனவரியில் ஒப்புதல் அளித்தது. மலையும் நீரும் காடும் கெடும் என்ற உள்ளூர் மக்களின் அச்சம், வழக்குகள், தமிழ்நாடு அரசின் எதிர்ப்பு ஆகியவற்றால் அது கட்டப்படவில்லை.