ஜப்பானின் விளைநிலப் பரப்பு

ஜப்பானில் பெரும்பகுதி மலையும் காடும்தான். உழவுக்கு ஏற்ற சமவெளி குறைவு; வீடு, ஆலை, ரயில் பாதை எல்லாவற்றுக்கும் வேண்டியிருப்பதும் அதே சமவெளி. 1961-இல் ஏறத்தாழ 61 லட்சம் ஹெக்டேராக இருந்த விளைநிலம், 2023-இல் 43 லட்சம் ஹெக்டேருக்குச் சுருங்கிவிட்டது.

காடு திருத்திக் கழனியாக்குவதை அரசு ஊக்குவித்த வரலாறு நீண்டது. புதிதாகத் திருத்திய நிலம் திருத்தியவருக்கே நிரந்தரமாகச் சொந்தம் என்று 743-இல் சட்டம் வந்தது. ஆள்பலமும் பொருள்பலமும் உள்ள கோயில்களும் பிரபுக் குடும்பங்களுமே அதனால் பெரிதும் பயனடைந்தன. டோக்குகாவா ஆட்சியில் போர்கள் ஓய்ந்தபின், 17-ஆம் நூற்றாண்டில், சிற்றரசர்கள் ஆறுகளுக்குக் கரைகட்டி, வாய்க்கால் வெட்டி, சதுப்புகளை வயலாக்கினார்கள். சுமார் 16 லட்சம் ஹெக்டேராக இருந்த சாகுபடிப் பரப்பு 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 30 லட்சத்தை நெருங்கியது.

அடுத்த பெரிய விரிவு ஹொக்கைடோவில். 1869-இல் மெய்ஜி அரசு அங்கே குடியேற்ற ஆணையம் அமைத்தது. இன்று நாட்டின் விளைநிலத்தில் கால்பங்குக்கு மேல் அத்தீவில் இருக்கிறது. அது ஐனு மக்கள் வேட்டையாடி, மீன்பிடித்து வாழ்ந்த மண் என்பதையும், அவர்களிடமிருந்து அது பறிக்கப்பட்டது என்பதையும் விட்டுவிட்டு இந்தக் கணக்கைச் சொல்வது நியாயமில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நிலச்சீர்திருத்தம் சுமார் 19 லட்சம் ஹெக்டேரை நிலக்கிழார்களிடமிருந்து வாங்கிக் குத்தகை உழவர்களுக்குக் கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டு கண்ட சிறந்த சீர்திருத்தங்களுள் இது ஒன்று. ஆனால் அதில் உருவான சிறு வயல்களின் வருமானம், ஆலைக் கூலி உயர்ந்தபோது குடும்பத்துக்குப் போதவில்லை. இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள். பசிபிக் கரையோரச் சமவெளிகளில் வயல்கள் மனைகளாயின.

அக்காலத்தின் முரணை அக்கிட்டா மாவட்டத்தின் ஹச்சிரோகத்தாவில் பார்க்கலாம். ஒருகாலத்தில் பீவா ஏரிக்கு அடுத்த பெரிய ஏரியாக இருந்தது அது. அரிசித் தட்டுப்பாட்டை நினைத்து, நெதர்லாந்து நிபுணர்களின் ஆலோசனையோடு 1957-இல் அதை வற்றவைக்கத் தொடங்கினார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே கிடந்த ஏரிப்படுகையில் 1964-இல் ஒகாத்தா கிராமம் பிறந்தது. ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் வந்து சேர்ந்த சில ஆண்டுகளிலேயே, களஞ்சியங்களில் அரிசி மலையாகக் குவிந்துவிட்டது என்று சொல்லி, 1970-இல் நெல் பரப்பைக் குறைக்கும் கொள்கையை அரசு நடைமுறைப்படுத்தியது. ஒதுக்கீட்டுக்கு மேல் நட்ட பயிரை, கதிர் முற்றுமுன் பச்சையாகவே அறுத்துவிடச் சொன்னார்கள். நெல் விளைவிக்கவென்றே ஏரியை வற்றவைத்த ஊரில் நடந்தது இது.

நெல்லை விட்டு மாற்றுப்பயிருக்கும் தரிசுக்கும் மானியம் தந்த அக்கொள்கை 2018 வரை நீடித்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 118 கிலோ என்று 1962-இல் இருந்த அரிசி நுகர்வு பின்னர் பாதிக்கும் கீழே போனது. முதலில் கைவிடப்பட்டவை மலைச்சரிவின் படிவயல்கள். டிராக்டர் திரும்ப இடமில்லாதவை. ஓரிரு ஆண்டுகள் உழாமல் விட்டால் நாணலும் மூங்கிலும் ஏறும், வேர்கள் வரப்பைப் பிளக்கும், தண்ணீர் நிற்காது, புதரில் காட்டுப்பன்றி தங்கி அடுத்த வயலையும் கிளறும். 2015 கணக்கெடுப்பில் இப்படிக் கைவிட்ட நிலம் 4 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. விவசாயத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களின் சராசரி வயது 2020-இல் 67.8. சிதறிய துண்டுகளைத் திரட்டிக் குத்தகைக்கு விட 2014-இல் நிலவங்கிகள் தொடங்கப்பட்டன. நிலம் ஓரளவு ஒன்றுசேர்கிறது. உழ ஆள்தான் இல்லை.

2024 கோடையில் கடைகளில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. மறு ஆண்டு விலை இருமடங்கானது; அரசு கையிருப்பைத் திறந்துவிட்டது. 2025 ஆகஸ்டில், நெல் உற்பத்தியைக் கூட்டப்போவதாக அப்போதைய பிரதமர் இஷிபா அறிவித்தார்.