கத்யாவின் மணலும் பயணியின் மூட்டையும்

எகிப்திலிருந்து ஷாம் தேசத்துக்குச் செல்லும் பாலைவழியில், ஸீனாயின் வடபகுதியில், கத்யா என்றொரு தங்குமிடம் இருந்தது. ஹிஜ்ரி 726இல் (கி.பி. 1326) அவ்வழியே சென்ற இப்னு பதூதா அங்குத் தாம் கண்டதைப் பயண நூலில் பதிந்து வைத்துள்ளார். வணிகரிடம் ஜகாத் தண்டப்படுகிறது. சரக்குகள் துருவிச் சோதிக்கப்படுகின்றன. அதிகாரிகள், எழுத்தர்கள், சாட்சிகள் எனச் சிறியதோர் அரசாங்கமே அங்கே இயங்குகிறது. ஒரு நாள் வருவாய் ஆயிரம் பொன் தீனார். எகிப்து அரசின் அனுமதிச் சீட்டின்றி எவரும் ஷாமுக்குள் போக இயலாது. ஷாமின் சீட்டின்றி எகிப்துக்குள் வரவும் இயலாது. மக்களின் பொருளைக் காப்பதும், இராக்கிலிருந்து ஒற்றர் நுழையாமல் தடுப்பதும் இதன் நோக்கங்கள் என்கிறார் அவர்.

அந்தப் பாதையின் காவல் பாலைவன அரபுகளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. இரவானதும் அவர்கள் மணற்பரப்பை ஒரு சுவடும் இல்லாதவாறு சமன்படுத்தி விடுவர். விடிந்ததும் ஆளுநர் வந்து மணலைப் பார்வையிடுவார். எங்கேனும் காலடி தென்பட்டால், அக்காலடிக்குரியவனைக் கொண்டுவரும்படி கட்டளை பிறக்கும். அரபுகள் சுவட்டைத் தொடர்ந்து சென்று ஆளைப் பிடித்துக் கொண்டுவருவர், தண்டனை நிறைவேறும். தப்பியவர் இல்லை. முள்வேலியும் விளக்குக் கம்பமும் இல்லாத காலத்தில், காற்றுக்கே கலையும் மணலை ஓர் அரசு எல்லைக் காவலனாக ஆக்கிக்கொண்டது நம்மை வியக்க வைக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இராக்கை ஆண்ட மங்கோலிய இல்கானியருக்கும் மம்லூக் ஸுல்தானுக்கும் 1323இலேயே சமாதானம் ஏற்பட்டுவிட்டது. இப்னு பதூதா கத்யாவைக் கடந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. போர் ஓய்ந்த பின்னும் மணல் இரவுதோறும் சமன்படுத்தப்பட்டே வந்தது. அச்சத்திற்காக ஏற்பட்ட ஓர் ஏற்பாடு, அச்சம் தணிந்ததும் தானே கலைந்து விடுவதில்லை. நாளொன்றுக்கு ஆயிரம் தீனார் தரும் ஏற்பாடு என்றால் கேட்கவும் வேண்டுமோ?

வழிச்சீட்டு மம்லூக்கியரின் கண்டுபிடிப்பன்று. எகிப்தின் வறண்ட மண் காத்துத் தந்த பாப்பிரஸ் ஏடுகளில் கி.பி. எட்டாம் நூற்றாண்டின் அரபு வழிச்சீட்டுகள் சில நமக்குக் கிடைத்துள்ளன. சீட்டுக்குரியவர் பெயர், ஊர், முகத்தழும்பு போன்ற அங்க அடையாளங்கள், எந்த மாவட்டத்துக்குச் செல்கிறார், எத்தனை மாதத் தவணை ஆகியவை அவற்றில் காணப்படுகின்றன. ஜிஸ்யா வரியைச் செலுத்தவும் வயிறு வளர்க்கவும் வேலை தேடிப் போகிற எளிய கிப்தியக் குடியானவர்களே பெரும்பாலும் அச்சீட்டுகளைச் சுமந்தவர்கள். உமையாக்களின் ஆளுநர் குர்ரா இப்னு ஷரீக் (709–714) காலத்துக் கடிதங்களைப் படிப்போர்க்கு இதன் காரணம் விளங்கும். வரிக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியவர்களைத் தேடிப் பிடிப்பதே அக்கடிதங்கள் பலவற்றின் கவலை. ஆக, அங்கே சீட்டு காவல் காத்தது எல்லையை அன்று, கருவூலத்தை.

இனி, மார்க்கச் சட்டம் இதுபற்றி என்ன கருதியது? கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ இவ்விடத்தில் நமக்குப் பெரிதும் துணை செய்கிறது. ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் வணிகச் சுங்கம் தண்ட முதன்முதலில் அனுப்பிய அதிகாரி ஸியாத் இப்னு ஹுதைர். முஸ்லிமிடம் நாற்பதில் ஒன்று, திம்மியிடம் இருபதில் ஒன்று, அந்நிய நாட்டு வணிகரிடம் பத்தில் ஒன்று என விகிதம் வகுக்கப்பட்டது. அத்துடன், எவருடைய மூட்டையையும் துருவிச் சோதிக்கக் கூடாதென்று தமக்குக் கட்டளை இடப்பட்டதாக ஸியாதே அறிவிக்கிறார். ஆனால் அதே நூலின் வேறோரிடத்தில், பகைநாட்டுக்குச் செல்லும் பாதைகளில் ஆயுதமேந்திய காவல் நிலைகள் அமைத்து, கடந்து செல்லும் வணிகரைச் சோதித்து, ஆயுதம் இருந்தால் பறித்து, கடிதம் இருந்தால் படித்துப் பார்க்க வேண்டும் என்று இமாம் அவர்கள் ஆலோசனை கூறுகிறார்.

இதை முரண்பாடென்று சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. வரிக்காக ஒருவன் மூட்டையை அவிழ்ப்பது வேறு. நாட்டின் பாதுகாப்புக்காக அவிழ்ப்பது வேறு. முன்னதில் அவன் சொல்லே போதும், பின்னதில் போதாது. இமாம் வரைந்த கோடு தெளிவானதுதான். ஆனால் சோதனைச் சாவடியில் நிற்கும் சிப்பந்திக்கு அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

தெரியாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு இப்னு ஜுபைரின் அனுபவமே சாட்சி. கிரனடாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அப்பெருமகனார் 1183 மார்ச் மாத இறுதியில் இஸ்கந்தரிய்யா துறைமுகத்தை அடைந்தார். கப்பல் நின்றதும் ஸுல்தானின் அலுவலர் ஏறிவந்து ஒவ்வொரு முஸ்லிமின் பெயரையும் அங்க அடையாளத்தையும் நாட்டையும் எழுதிக்கொண்டனர். கையிலுள்ள பொருளுக்கும் பணத்துக்கும் ஜகாத் கேட்டனர். அப்பொருள் ஓராண்டு நிறைந்ததா என்று கேட்கவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் வழிச்செலவுக்கு மேல் ஏதுமில்லாத ஹாஜிகள். ஜகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் வழிப்போக்கரையும் ஒருவராக வைத்த மார்க்கத்தின் பெயராலேயே வழிப்போக்கரிடம் ஜகாத் பறிக்கப்பட்டது!

அவர்களுள் ஒருவரைத் தனியே அழைத்துச் சென்று, மேற்கு நாடுகளின் நிலவரம் என்ன, கப்பலில் உள்ள சரக்கு என்ன என்று அலுவலகம் அலுவலகமாக விசாரித்தனர். பின்னர் எல்லார் மூட்டைகளும் சுங்கச்சாவடியில் கொட்டப்பட்டன. நெரிசலில் பொருள்கள் ஒன்றோடொன்று கலந்தன. பல காணாமற் போயின. இடுப்புத் துணிக்குள் கைவிட்டுத் தேடினர். தேடிய பிறகும், வேறெதுவும் இல்லையென்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். நைல் வழியே தெற்கே சென்றபோதும் இதே கதைதான். நீண்ட ஊசிகளோடு படகில் ஏறி மூட்டைதோறும் குத்திப் பார்த்தார்கள் என்று மனம் கசந்து எழுதுகிறார்.

ஆயினும் ஸலாஹுத்தீன் அய்யூபிமீது அவர் பழி சுமத்தவில்லை. இது ஸுல்தானுக்குத் தெரிந்தால் உடனே ஒழித்திருப்பார் என்கிறார். அதற்குக் காரணமும் இருந்தது. ஹாஜி ஒருவருக்கு ஏழரை எகிப்திய தீனார் வீதம் வாங்கப்பட்டு, கொடாதவர் சித்திரவதை செய்யப்பட்ட கொடிய வரியை நீக்கியவர் அந்த ஸுல்தானே. அதற்கு ஈடாக மக்காவின் அமீருக்குப் பணமும் கோதுமையும் அனுப்ப ஒப்புக்கொண்டார். அந்த ஈடு முழுமையாக வந்து சேரும்வரை ஹாஜிகள் ஒருவருக்கொருவர் பிணை நிற்க வேண்டியிருந்ததையும் இப்னு ஜுபைர் மறைக்கவில்லை. ஸுல்தான் அறியமாட்டார் என்ற அவரது நல்லெண்ணத்தை நாம் மதிக்கிறோம். ஏற்றுக்கொள்ளத்தான் தயக்கமாக இருக்கிறது. கப்பலில் வந்தவரின் விசாரணை ஆட்சிபீடம் வரை சென்றதென்று எழுதியவரும் அவரேயல்லவா?

மறு ஆண்டு (1184) அவர் சிலுவைப் போராளிகளின் வசமிருந்த அக்காவைக் கடந்தார். தங்கமிழைத்த கருங்காலி மைக்கூடுகளோடு அமர்ந்திருந்த கிறிஸ்தவ எழுத்தர்கள் அரபியில் பேசினர், அரபியிலேயே எழுதினர். சோதனை மென்மையாக, மரியாதையாக, முரட்டுத்தனம் ஏதுமின்றி நடந்தது. பகைவரின் சாவடியைப் பற்றி ஒரு ஹாஜி இவ்வாறு எழுத எத்துணை நேர்மை வேண்டும்! ஆனால் அங்கும் ஒரு கறை இருந்தது. திப்னீனில் மேற்கு நாட்டு முஸ்லிம்களிடம் மட்டும் தலைக்கு ஒரு தீனாரும் ஒரு கீராத்தும் வாங்கினர். முன்பு அந்நாட்டினர் சிலர் நூருத்தீன் ஸங்கியின் படையோடு சேர்ந்து பிராங்கியரை எதிர்த்தார்களாம். சிலர் வாளெடுத்ததற்கு, அதே ஊர்ப்பெயரைச் சுமந்துவந்த ஒவ்வொரு பயணியும் தண்டம் கட்டினார்.

கத்யாவின் மணலை வருணித்த இப்னு பதூதாவுக்கே பிற்காலத்தில் சீட்டேதுமின்றி ஒரு கரையில் இறங்க நேர்ந்தது. 1344 அளவில் இலங்கையிலிருந்து வருகையில் கப்பல் தரைதட்டிச் சேதமுற, நமது மஅபர் கரையின் முஸ்லிமல்லாத மக்கள் படகில் வந்து அவரை மீட்டனர். அவர்களின் ஸுல்தானுக்குத் தாம் வேண்டியவர் என்று அவர் கூறினார்; அம்மக்கள் அதை நம்பி, இரண்டு நாள் தொலைவில் பாசறையிலிருந்த கியாஸுத்தீனுக்குக் கடிதம் எழுதினர். அந்த ஸுல்தான் அம்மக்களின் இனத்தாரிடம் எவ்வளவு கொடூரமாக நடந்தார் என்பதையும் இப்னு பதூதாவே பின்னர் எழுதியிருக்கிறார். படிக்க மனம் துணியாது. மறுமொழி வரும்வரை மூன்று நாள் அவரைக் காட்டுக்குள் தங்கவைத்து, மீனும், தர்ப்பூசணியளவு பருத்த ஒரு மரத்தின் பழமும் கொடுத்தார்கள். நார்ப்பஞ்சுக்குள் தேன் போன்ற சாறு இருந்ததென்றும், அதிலிருந்து இனிப்புப் பண்டம் செய்தார்களென்றும் அவர் வருணிப்பதைப் படிக்கையில், அது நம் பனம்பழமே என்பது எளிதில் புலப்படும். மூன்று நாள் கழிந்ததும் அமீர் ஒருவர் குதிரைகளோடும் பல்லக்கோடும் வந்து அவரை அழைத்துச் சென்றார்.