யூதத் தேசியமும் சமயச்சார்பின்மையும்: ‘யூதர் யார்?’ என்னும் வினாவும் அமைதிக்கான வாய்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

சமயப் பற்றில்லாத தலைவர்கள் முன்னின்று நிறுவிய இஸ்ரேல் அரசு, யூதரை வரையறுக்கச் சமயச் சட்டத்தையே நாடியது. இம்முரணின் வரலாற்றையும் அமைதி முயற்சிகளோடு அதற்குள்ள தொடர்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: யூதத் தேசியம், சமயச்சார்பின்மை, திரும்புதல் சட்டம், அமைதி.

முன்னுரை

தியோடர் ஹெர்சல் 1896இல் வெளியிட்ட ‘யூத அரசு’ என்னும் நூல், யூதர் சிக்கலைச் சமயச் சிக்கலாகக் கொள்ளாது தேசியச் சிக்கலாகக் கண்டது. ஆயினும், பல நாடுகளில் பல மொழி பேசி வாழ்ந்த மக்களை ஒன்றாக இணைத்திருந்தது சமய மரபே. எனவே, சமயத்தை விலக்கித் தேசத்தை வரையறுப்பது தொடக்கம் முதலே அரிதாயிற்று.

1. அரசுருவாக்கமும் உடன்பாடும்

1947 ஜூன் 19இல் பென்-குரியன் உள்ளிட்டோர் வைதிகக் கட்சியான அகுதாத் இஸ்ரேலுக்கு மடல் எழுதினர். ஓய்வுநாள், உணவு விதி, திருமணம், கல்வி ஆகியவற்றில் சமயத் தரப்பின் கவலைகளுக்கு அம்மடல் உறுதியளித்தது. 1948 மே 14ஆம் நாள் விடுதலைப் பிரகடனத்தில், கடவுளின் பெயரை வேண்டியோரும் மறுத்தோரும் ‘இஸ்ரேலின் பாறை’ என்னும் இருபொருள் தொடரில் உடன்பட்டனர். 1953இல் யூதர்தம் மணமும் மணமுறிவும் ரப்பிகளின் நீதிமன்றங்களுக்கு உரியவையாயின.

2. இரு வழக்குகள்

1950ஆம் ஆண்டின் திரும்புதல் சட்டம் யூதர் அனைவருக்கும் குடியேறும் உரிமை வழங்கியது. யூதர் யார் என்பதை மட்டும் வரையறுக்கவில்லை. யூதராகப் பிறந்து கத்தோலிக்கத் துறவியான ஓஸ்வால்ட் ரூஃபெய்சென் அவ்வுரிமையைக் கோரினார். சமயச் சட்டப்படி அவர் யூதரே; எனினும் வழக்குமொழியில் அச்சொல் மதம் மாறியவரைக் குறிக்காது என்று 1962இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. கடற்படை அதிகாரி பெஞ்சமின் ஷாலித், யூதரல்லாத மனைவி வழிப் பிறந்த தம் மக்களை யூதத் தேசியராகப் பதிவுசெய்ய வேண்டினார். 1970 ஜனவரியில் ஐவர் ஏற்க, நால்வர் மறுக்க, அவர் வென்றார். ஆனால், யூதத் தாய்க்குப் பிறந்தவரோ யூத சமயம் தழுவியவரோ ஆகி, வேறு சமயம் சாராதவரே யூதர் எனச் சில வாரங்களில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. முதல் வழக்கில் சமயச் சட்டம் திறந்த வாயிலை நீதிமன்றம் அடைத்தது. இரண்டாவதில் நீதிமன்றம் திறந்ததை நாடாளுமன்றம் அடைத்தது. இரண்டிலும் தேசத்தின் எல்லையாக நின்றது சமயமே.

3. நிலமும் புனிதமும்

தேசத்தின் எல்லை சமயமாகும்போது, குடியுரிமை பெற்ற அராபியர் தேசத்திற்கு வெளியே நிற்க நேர்கிறது. தேசியத் தன்னுரிமை யூதருக்கு மட்டுமே உரியது என்னும் அடிப்படைச் சட்டம் 2018இல் 62 வாக்குகளுக்கு 55 என்ற அளவில் நிறைவேறியமை இப்போக்கின் வளர்ச்சியாகும். நிலத்திலும் இவ்வேறுபாடு புலப்படுகிறது. எகிப்துடனான 1979 உடன்படிக்கைப்படி சினாய் 1982க்குள் திருப்பித் தரப்பட்டது. மேற்குக் கரையையோ இறைவாக்கு அளித்த நிலமாகக் கருதும் இயக்கங்கள் விட்டுக்கொடுக்க மறுத்தன. ஆஸ்லோ உடன்பாட்டில் ஒப்பமிட்ட பிரதமர் ராபின், 1995 நவம்பர் 4இல் சமயத் தேசியவாதி ஒருவரால் கொல்லப்பட்டார். மறுபுறம், பாலஸ்தீனம் முழுவதும் இஸ்லாமிய அறக்கொடை நிலம் என 1988ஆம் ஆண்டின் ஹமாஸ் சாசனம் அறிவித்தது. அரசியல் உரிமையைப் பங்கிடலாம். இறையாணை எனக் கொண்டதைப் பங்கிடுவது பாவமாகிவிடுகிறது.

முடிவுரை

சமயத்தை முற்றிலும் ஒதுக்கும் அமைதி இம்மண்ணில் நிலைப்பது அரிது. மக்களின் தேசிய உணர்வே அதனோடு பின்னியுள்ளது. ஆனால், புனிதத்தையும் இறைமையையும் பிரித்துக் காண இயலும். எருசலேமின் இஸ்லாமியத் திருத்தலங்களில் ஜோர்டானுக்குள்ள தனிப் பங்கை 1994 உடன்படிக்கையில் இஸ்ரேல் மதிக்க இசைந்தமை இதற்குச் சான்று. ஓரிடத்தைப் போற்றும் உரிமை அதனை ஆளும் உரிமையன்று என்னும் தெளிவிலேயே அமைதிக்கான வாய்ப்பு அமைந்துள்ளது.