சங்குமுகத்தில் இறங்கிய பங்காளிச் சண்டை

2025 ஜூன் 14, சனிக்கிழமை. இரவு ஒன்பதரை மணி வாக்கில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஒரு பிரிட்டிஷ் போர் விமானம் இறங்கியது. எஃப்-35பி ரகம். அரபிக் கடலில் நின்றிருந்த ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய விமானம் அது. வானிலை கெட்டுக் கப்பலுக்குத் திரும்ப முடியவில்லை, எரிபொருளும் குறைந்துகொண்டு வந்தது. நம் விமானப்படை அடையாளம் கண்டு அனுமதி கொடுக்க, பத்திரமாகத் தரையிறங்கியது. எண்ணெய் நிரப்பிக்கொண்டு போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். புறப்படும் முன் செய்த சோதனையில் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு தெரிந்தது. விருந்தாளி தங்கிவிட்டார்.

அது தென்மேற்குப் பருவமழைக் காலம். உலகிலேயே விலை உயர்ந்த போர் விமானங்களில் ஒன்று வாரக்கணக்கில் மழையில் நனைந்துகொண்டு நிற்க, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர்கள் காவல் நின்றார்கள். கூரைக்குக் கீழே கொண்டுபோங்கள் என்று இந்தியத் தரப்பு சொல்லியும் பிரிட்டிஷார் முதலில் இசையவில்லை. தங்கள் தொழில்நுட்பத்தைப் பிறர் நெருங்கிப் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலை. கேரளத்துக்காரர்கள் கிண்டல் செய்யக் கிடைத்த வாய்ப்பை விடுவார்களா? மாநிலச் சுற்றுலாத் துறையே தென்னை மரங்களுக்கு நடுவே அந்த விமானம் நிற்பதாகப் படம் போட்டு, இந்த ஊரை விட்டுப் போக மனமே வரவில்லை என்று அது சொல்வதாக விளம்பரம் செய்தது.

ஜூலை 6-ஆம் தேதி ஏ400எம் சரக்கு விமானம் ஒன்று இருபதுக்கும் மேற்பட்ட பொறியாளர்களையும் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தது. அதன் பிறகே போர் விமானம் பழுதுபார்க்கும் கூடத்துக்குள் போனது. ஜூலை 22-ஆம் தேதி கிளம்பி ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குப் பறந்தது.

இந்த ஐந்து வாரச் செய்திகளைத் தொகுத்துப் படித்தால் ஒரு குழப்பம் கண்ணில் படும். ஒரு பத்திரிகை அதை ராயல் நேவியின் விமானம் என்றது. இன்னொன்று ராயல் ஏர் ஃபோர்ஸ் விமானம் என்றது. இரண்டுமே தப்பில்லை. பிரிட்டனின் எஃப்-35பி விமானங்களை அந்நாட்டு விமானப்படையும் கடற்படையும் கூட்டாக நடத்துகின்றன. கப்பல் கடற்படையுடையது, விமானங்களின் தாய்த்தளமோ நார்ஃபோக் பகுதியில் உள்ள மார்ஹாம் விமானப்படைத் தளம். ஏன் இப்படி ஒரு கூட்டுக் குடித்தனம்? கப்பலிலிருந்து கிளம்பும் விமானம் யாருக்குச் சொந்தம் என்று அந்த இரு படைகளும் நூறு வருடங்களாக அடித்துக்கொண்ட பங்காளிச் சண்டையின் விளைவு அது. பிரிட்டிஷ் விமானப்படையின் வரலாற்றை இந்தச் சண்டை வழியாகப் படிப்பதுதான் தெற்கே இருக்கும் நமக்குச் சரியான வழி என்பேன். காரணம், அந்தச் சண்டையில் பெரிய அடி விழுந்தது நம் கடலில்தான்.

முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டனிடம் இரண்டு பறக்கும் படைகள் இருந்தன. ஒன்று 1912-இல் தோன்றிய ராயல் ஃப்ளையிங் கோர், தரைப்படையின் பிடியில் இருந்தது. மற்றது ராயல் நேவல் ஏர் சர்வீஸ், கடற்படையின் சொத்து. இரண்டும் எஞ்சின்களுக்கும் விமானங்களுக்கும் போட்டி போட்டு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தன. 1917 ஜூன் 13 அன்று ஜெர்மானிய கோத்தா குண்டுவீச்சு விமானங்கள் பட்டப்பகலில் லண்டனைத் தாக்கின. 162 பேர் செத்தார்கள். நாடு கொதித்தது. என்ன செய்யலாம் என்று ஆராயும் பொறுப்பு தென்னாப்பிரிக்கத் தளபதி ஜான் ஸ்மட்ஸிடம் வந்தது. ஆம், காந்தியுடன் மல்லுக்கட்டிய அதே ஸ்மட்ஸ். இரண்டையும் இணைத்துத் தரைப்படைக்கும் கடற்படைக்கும் சமமான மூன்றாவது படையாக்குங்கள் என்றார் அவர்.

1918 ஏப்ரல் 1-ஆம் தேதி ராயல் ஏர் ஃபோர்ஸ் பிறந்தது. முட்டாள்கள் தினத்தில் பிறந்த படை என்று கடற்படைக்காரர்கள் கேலி செய்ததில் ஆச்சரியம் இல்லை. அன்று ஒரே நாளில் அவர்கள் கையை விட்டுப் போனது ஏறக்குறைய 3,000 விமானங்களும் 55,000 ஆட்களும்.

போர் முடிந்ததும் புதிய படையைக் கலைத்துப் பழையபடி பிரித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு எழுந்தது. அதன் தலைவர் ஹியூ டிரென்சார்டு படையைக் காப்பாற்றப் பிடித்துக்கொண்ட துரும்பு, காலனி நாடுகள். தரைப்படையை அனுப்பினால் ஆகும் செலவில் ஒரு பகுதியிலேயே கலகக்காரர்களை வானிலிருந்து அடக்கிக் காட்டுகிறேன் என்றார். இராக்கிலும் நம் வடமேற்கு எல்லையிலும் அந்தச் சோதனை நடந்தது. 1925-இல் வசீரிஸ்தானில் தரைப்படையின் துணையே இல்லாமல் ஒரு முழுப் போரை விமானப்படை நடத்தியது. கிராமங்கள் மீது குண்டு போட்டுச் சிக்கனம் காட்டிய படை என்று இதைச் சொல்லலாம். பிரிட்டிஷ் நூல்கள் பல இதைச் சற்று மென்மையாகத்தான் எழுதுகின்றன.

தெற்கே அந்தப் படைக்கு வேலை இல்லை. திருவிதாங்கூரில் குண்டு வீசி அடக்கவேண்டிய எல்லைப்புறம் ஏது? இங்கே வந்தவர்கள் அந்தப் படையை விட்டு விலகியவர்கள்தான். நெவில் வின்சென்ட் என்ற தென்னாப்பிரிக்கர் அப்படி ஒருவர். விமானப்படையில் இருந்து வீரப்பதக்கம் வாங்கியவர், விலகிய பின் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராக வான்சாகசம் காட்டிப் பிழைத்தவர், பிறகு ஜே.ஆர்.டி. டாடாவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு விமானத் தபால் நிறுவனம் தொடங்கக் காரணமானவர். 1932 அக்டோபர் 15-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு டாடா ஓட்டிவந்த தபாலைச் சென்னைக்கு எடுத்துக்கொண்டு பறந்தவர் இவரே.

1935-இல் பம்பாயிலிருந்து கோவா, கண்ணூர் வழியாகத் திருவனந்தபுரத்துக்குத் தபால் விமானம் விட்டபோது முதல் பயணத்தை ஓட்டியவரும் வின்சென்ட்தான். ஃபாக்ஸ் மாத் என்ற சின்ன விமானம். மகாராஜா சித்திரைத் திருநாளுக்கு வைஸ்ராய் வில்லிங்டன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தும் தபாலில் இருந்தது. இளையராணி கார்த்திகைத் திருநாளின் கணவர் கோதவர்ம ராஜா ஆர்வமெடுத்து அமைத்த இறங்குதளத்தில் விமானம் வந்து இறங்கியது. இன்று நாகர்கோவில், மார்த்தாண்டம்காரர்கள் வளைகுடாவுக்கு விமானம் ஏறும் அதே இடம். பத்மநாப சுவாமியின் ஆராட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இரண்டு முறை ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும், அந்தச் சில மணி நேரம் விமானங்கள் காத்திருக்கும். வேறெந்த ஊரின் விமானியிடம் இதைச் சொன்னாலும் நம்பமாட்டார்.

இதற்கிடையே லண்டனில் பங்காளிகள் ஓயவில்லை. கப்பல் கடற்படையுடையது, அதில் ஏறும் விமானம் விமானப்படையுடையது என்ற விசித்திர ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. டிரென்சார்டின் ஆட்களுக்கு நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்கள்தான் உயிர். கப்பல் விமானங்களுக்குக் கடைசிப் பந்திதான். 1937-இல் அமைச்சர் தாமஸ் இன்ஸ்கிப் தீர்ப்புச் சொல்லிக் கப்பல் விமானங்களைக் கடற்படைக்கே திருப்பிக் கொடுக்க வைத்தார். 1939 மே மாதத்தில் கை மாறியது. போர் தொடங்க நாலு மாதம்கூட இல்லை. கடற்படைக்குக் கிடைத்தவை ஸ்வார்ட்ஃபிஷ் என்ற துணிபோர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள். பின்னால் வந்த ஃபுல்மர் இரண்டு பேர் ஏறும் மந்தமான சண்டை விமானம். அதே காலத்தில் ஜப்பானியக் கடற்படை தன் விமானங்களைத் தானே வளர்த்துக்கொண்டிருந்தது. அங்கே தனி விமானப்படை என்ற ஒன்றே இல்லை.

கணக்குத் தீர்ந்தது 1942 ஏப்ரலில், இலங்கையைச் சுற்றி. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு ஜப்பானிய அட்மிரல் நகுமோ வந்தார். ஏப்ரல் 4 அன்று காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய கட்டலீனா கடல் விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுச் சுடப்பட்டு விழுந்தது. ஓட்டியவர் லியனார்டு பெர்ச்சால் என்ற கனடாக்காரர். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. தாக்க வந்த ஜப்பானிய விமானங்களை எதிர்த்துக் கொழும்பின் மேல் விமானப்படையின் ஹரிகேன்களும் கடற்படையின் ஃபுல்மர்களும் ஏறிப் போராடின. அந்த நேரம் பார்த்துத் திருகோணமலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் ஜப்பானியரின் ஜீரோ சண்டை விமானங்களிடம் சிக்கின. ஆறும் விழுந்தன. டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு போர்க் கப்பல்களும் அன்றே மூழ்கின.

ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் மூழ்கியது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. அன்று அதன் தளத்தில் விமானம் ஒன்றுகூட இல்லை. கரையில் விட்டுவிட்டுத் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து தப்பி ஓடிய கப்பல். பாதுகாக்கக் கரையிலிருந்து சண்டை விமானங்கள் வரவேண்டும். அவை வந்துசேரும் முன் கதை முடிந்துவிட்டது. 307 பேர் இறந்தார்கள். தனிப்பட்ட தளபதிகளின் பிழைகளும் உண்டுதான். ஆனால் இருபது ஆண்டுகள் கப்பல் விமானங்களைப் பட்டினி போட்டதன் பலன் இது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

இதன் பிறகுதான் தெற்கே விமானத் தளங்கள் முளைத்தன. செங்குன்றம் ஏரியில் கட்டலீனாக்கள் இறங்கின. கோயம்புத்தூரில் கடற்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய நிலையம் வந்தது. ‘கருடா’ என்று பெயர் வைத்தார்கள். சூலூரும் அந்தக் காலத்து வரவே. பணம் கொடுத்ததிலும் தெற்குக்குப் பங்கு உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையில் 79, 234, 264 எண்ணுள்ள மூன்று ஸ்குவாட்ரன்களின் பெயரோடு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ ஒட்டிக்கொண்டது, இங்கே திரட்டிய போர் நிதிக்கு நன்றியாக. அவற்றில் 79-ஆவது 1942-இல் இந்தியாவுக்கே வந்து பர்மாவின் அரக்கான் பகுதியில் சண்டை போட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகும் பிரிட்டிஷார் இந்தக் கடலை விட்டுப் போகவில்லை. 1957-இல் கட்டுநாயக்கத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, மாலத்தீவின் தென்கோடி கான் தீவுக்கு மாறினார்கள். திருவனந்தபுரத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 1,100 கி.மீ. இப்படித் தீவுகளில் ஓடுபாதை இருந்தால் போதுமே, செலவு பிடித்த கப்பல் எதற்கு என்று விமானப்படை வாதாடியது. 1966-இல் அந்த வாதம் ஜெயித்தது. அமைச்சர் டெனிஸ் ஹீலி புதிய விமானந்தாங்கித் திட்டத்தை ரத்து செய்தார். கடற்படைத் தளபதியும் கடற்படை அமைச்சரும் ராஜினாமா செய்தார்கள். தீவுகளிலிருந்து பறக்க வாங்குவதாக இருந்த அமெரிக்க எஃப்-111 விமானங்களும் 1968-இல் ரத்தாயின. 1976-இல் கான் தளத்தையும் மூடினார்கள். புதிய கப்பலும் இல்லை, விமானமும் இல்லை, தீவும் இல்லை.

1982-இல் பால்க்லாந்து போர் வந்தபோது பக்கத்தில் தீவுத் தளம் ஏதும் வாய்க்கவில்லை. மிச்சமிருந்த விமானந்தாங்கிக் கப்பல்கள்தான் கை கொடுத்தன, அவற்றில் ஒன்று பழைய பெயரைத் தாங்கிய இன்னொரு ஹெர்மிஸ். அதன் தளத்தில் கடற்படையின் ஸீ ஹாரியர்களும் விமானப்படையின் ஹாரியர்களும் சேர்ந்து நின்றன. பங்காளிகள் வேறு வழியில்லாமல் ஒரே கூரைக்குக் கீழ் வந்த அனுபவம், 2000-இல் ஹாரியர் கூட்டுப் படையாகவும், அவை 2010-இல் ஓய்வு பெற்ற பின் இன்றைய எஃப்-35பி கூட்டுப் படையாகவும் தொடர்ந்தது. அந்த ஹெர்மிஸை இந்தியா வாங்கி 1987-இல் விராட் என்ற பெயரில் 2017 வரை ஓட்டியது.

நமக்கு இந்தச் சண்டை இல்லையா என்று கேட்கலாம். கப்பல் விமானங்கள் இங்கே ஆரம்பம் முதல் கடற்படையுடையவை. 1953-இல் கொச்சியில் தொடங்கிய கடற்படை விமானத் தளத்துக்கும் கருடா என்றே பெயர். ஆனால் கரையிலிருந்து கிளம்பிக் கடலைக் கண்காணிக்கும் விமானங்கள் நம் விமானப்படையிடம் இருந்தன. பல ஆண்டு இழுபறிக்குப் பின் 1976-இல்தான் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்கள் கடற்படைக்கு மாறின. எட்டே ஆண்டில், 1984-இல், இந்திய விமானப்படை தன் தென்மண்டலத் தலைமையகத்தைத் திருவனந்தபுரத்தில் திறந்தது. ஆக்குளத்தில் இருக்கும் அந்த அலுவலகத்தின் கீழ் தஞ்சாவூரில் 2020 முதல் ஒரு சுகோய் ஸ்குவாட்ரன் நிற்கிறது. அவை சுமப்பது பிரமோஸ் ஏவுகணை. முக்கிய இலக்கு, கடலில் போகும் கப்பல்கள். முப்படைகளையும் இணைத்துக் கூட்டுத் தலைமைகள் அமைக்கும் பேச்சு டெல்லியில் வருடக்கணக்காக நடக்கிறது. அதில் அதிகம் தயங்குவது விமானப்படை. ஏன் தயங்குகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)