பித்தளைக் கோட்டின் நிஜக் கதை

டான் பிரவுனின் ‘த டாவின்சி கோட்’ 2003-இல் வந்தது. கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது என்று ஒரு கட்சி, தெய்வ நிந்தனை என்று ஒரு கட்சி. என் மைத்துனர் ஒரே ராத்திரியில் முடித்தவர். வரலாறு சொல்லிக்கொடுக்கும் அக்காவோ, “கதை கிடக்கட்டும், அதில் வரும் பாரிஸ் கோயிலையாவது ஒழுங்காப் பார்த்து எழுதியிருக்கலாம்” என்றாள். நான் அக்கா கட்சி.

பாரிஸில் சான் சுல்பிஸ் தேவாலயத் தரையில் ஒரு பித்தளைக் கோடு ஓடுகிறது. நாவலில் அது புறச்சமயச் சின்னம். நிஜத்தில் வானியல் கருவி. ஈஸ்டர் தேதியைக் கணிக்க, பகலும் இரவும் சமமாகும் நாள் துல்லியமாகத் தெரியவேண்டும். பங்குக் குருவின் ஏற்பாட்டில் லெ மொன்னியே என்ற வானியலாளர் 1743-இல் இதை முடித்தார். தெற்குச் சாளரத்தில் சிறு துவாரம். உச்சிவேளையில் அதன்வழி விழும் ஒளிவட்டம் கோட்டைத் தொடும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வதால் ஒளி வடகோடிக்கே போய்விடும். அதனால்தான் அங்கே பளிங்குத் தூண் எழுப்பி, கோட்டையும் அதன்மேல் ஏற்றினார்கள். எந்த மர்மத்தையும்விட எனக்கு இதுதான் சுவாரசியம்!

சாளரத்தில் உள்ள பி, எஸ் எழுத்துகள் நாவலில் வரும் ரகசிய சங்கத்தைக் குறிப்பவை அல்ல; புனிதர்கள் பீட்டரும் சுல்பிஸும்தான். அந்தச் சங்கமோ, பியேர் பிளாந்தார் என்பவர் 1956-இல் பதிவுசெய்தது. அதன் ‘பழமை’க்கான போலி ஆவணங்கள் பின்னர் பிரெஞ்சு தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்டன.

2006-இல் படம் வந்தபோது தமிழக அரசு தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது.