தோட்டத்து மகளிரும் இல்லக் கொடுமையும்

தோட்டப்புறத்தில் மனைவியை அடிக்கும் வழக்கத்துக்குக் கள்ளே காரணம் என்பது நெடுநாளாக வழங்கிவரும் கூற்று. கள் குற்றமற்றதன்று. எனினும், அதனையே முழுமுதற் காரணமாகக் கொள்ளலாமா என்பது ஆராய்தற்குரியது.

1896-இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் மலாயாவெங்கும் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழித் தமிழகத்திலிருந்து வந்தோருட் பெரும்பாலோர் ஆடவர். 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலும் மலாயா இந்தியருள் 1000 ஆடவர்க்கு 500 பெண்டிர் இலர். பெண்டிர் அருகிய இடத்தில் மதிப்பு உயரும் என எண்ணலாம். உயர்ந்ததோ காவலும் ஐயமுமே. மனைவி, காக்கவேண்டிய உடைமையாகக் கருதப்பட்டாள்.

அவளும் விடியலிலேயே பால்வெட்டச் சென்றவள்தான். ஆயினும், 1928-இல் வகுக்கப்பட்ட கூலித்திட்டத்தில் ஆணுக்கு 50 காசு எனில் பெண்ணுக்கு 40 காசு. குடியிருந்த லயத்து வீடோ தோட்டத்துக்குரியது. ஊரில் அடிபட்ட பெண் தாய்வீட்டுக்கேனும் போவாள். இங்கு வந்தவளுக்குத் தாய்வீடு கடலுக்கப்பால் இருந்தது. அண்டை வீட்டார் சுவருக்கப்பால் எல்லாம் கேட்டும், ‘புருஷன் பெண்டாட்டி விவகாரம்’ என்று வாளாவிருந்தனர்.

இனி, கள்ளைப் பார்ப்போம். 1947-இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தனர். குடியின் கேட்டை அவர்கள் நன்கறிந்திருந்தனர். ஆனால் ஒன்று எண்ணத்தக்கது. குடித்து வந்து மனைவியை அடித்தவன், அதே வெறியில் துரையையோ கிராணியையோ அடிக்கத் துணிந்தானா? வெறியிலும் யாரை அடித்தால் கேட்பாரில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. வேலையிடத்துச் சிறுமையை வீட்டில் தீர்த்துக்கொண்டான் என்பாரும் உளர். அதே கூலி வாங்கி, அதே துரைக்குப் பணிந்து, மனைவிமேல் கை வைக்காதோரும் அதே லயத்தில் வாழ்ந்தனர். ஆகவே வறுமையும் கள்ளும் கொடுமையை மிகுவித்தன. அதற்கு வேர், ‘கொண்டவனுக்கு அடிக்க உரிமையுண்டு’ என்னும் எண்ணமே.

இன்று புக்கிட் காத்தில் வட்டாரத்தில் தாமான்கள் எழுந்துள்ளன. 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்பாணை பெற வழிசெய்கிறது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், சமூகநல அதிகாரி வழியாக அவசரப் பாதுகாப்பாணை பெறவும் இடந்தந்தது. லயமும் கள்ளுக்கடையும் மறைந்த இடங்களிலும் அடி நிற்கவில்லையெனில், வேர் இன்னும் அறுபடவில்லை என்பதே பொருள். அடிபட்டு வரும் மகளை ‘பொறுத்துப் போ’ எனத் திருப்பியனுப்பும் பெற்றோரும், சிறுவன் முன்னிலையில் கை ஓங்கும் தந்தையும் அவ்வேருக்கு நீர் வார்க்கின்றனர். அச்சிறுவன் மறுநாட் காலை வந்து அமர்வது ஆசிரியர் முன்னிலையில்தான்.