சரிந்தது யாரால்?
விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களின் தரம் பற்றிய ரசிகர் விவாதம்: ஒரு வரலாற்று ஆய்வு

நீண்ட காலம் ஓடிய விண்வெளித் தொடர் எதை எடுத்துக்கொண்டாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு அதன் ரசிகர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கத் தொடங்குகிறார்கள். பழைய தரம் எங்கே போனது? அதைக் கெடுத்தவர் யார்? இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பதால் இரண்டும் ஒரே கேள்வியாகத் தோன்றுகின்றன. உண்மையில் முதலாவது படைப்பைப் பற்றியது, இரண்டாவது அதன் தயாரிப்புமுறையைப் பற்றியது. முதல் கேள்விக்கு ரசிகர்கள் தந்த விடை பெரும்பாலும் சரி என்பதும், இரண்டாவதற்குத் தந்த விடை பெரும்பாலும் பிழை என்பதும் இக்கட்டுரையின் வாதம். அவர்கள் ஒரு மனிதரைச் சுட்டிக்காட்டிய இடங்களில் உண்மையில் நடந்தது வேறு: தொடரின் விதிகளை அறிந்தவர்கள் விலகினார்கள், அதே வேளையில் பணமும் நேரமும் சுருங்கின.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு தொடரின் சரிவும் ஒரு தனிமனிதரின் பிழையாகவே தெரியும். பல தொடர்களின் வரலாற்றை அருகருகே வைத்தால்தான் பொதுவான அமைப்பு புலப்படும். இந்த ஆய்வுமுறைக்கு நல்ல எடுத்துக்காட்டு தமிழ்நாட்டிலேயே, ஆலங்காயத்தை அடுத்த ஜவ்வாது மலையில் உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து சென்றதைக் காவலூர் வான் ஆய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வழியே ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிவு செய்தார்கள். கோளின் விளிம்புக்கு வெளியே இருந்தபோதே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியது. கைவசம் இருந்த பதிவைக் கொண்டு, அதுவரை அறியப்படாத ஒரு துணைக்கோள் குறுக்கே வந்திருக்க வேண்டும் என்று முதலில் விளக்கினார்கள். அதே நிகழ்வை விமானத்தில் பறந்தபடி பதிவு செய்த கைப்பர் ஆய்வகக் குழுவுக்குக் கோளின் இருபுறமும் ஒத்த வரிசையில் பல மங்கல்கள் கிடைத்திருந்தன. எல்லாப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அவை வளையங்கள் என்பது உறுதியானது. காவலூர்ப் பதிவில் பிழை ஏதும் இல்லை. ஒற்றைப் பதிவிலிருந்து ஒற்றைப் பொருளை ஊகித்ததுதான் பின்னர் திருத்தப்பட்டது. ரசிகர் விவாதத்தின் வரலாறும் இதே பாதையில்தான் நகர்ந்திருக்கிறது.

1968: தொலைக்காட்சி நிறுவனமே எதிரி

விவாதத்தின் முதல் கட்டத்தில் ரசிகர்கள் தொடரின் காவலர்களாக இருந்தார்கள். 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி.யில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’, இரண்டாவது சீசனோடு நிறுத்தப்படக்கூடும் என்ற செய்தி 1967 இறுதியில் பரவியது. ரசிகை பீஜோ டிரிம்பிளும் அவர் கணவர் ஜானும் கடித இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். என்.பி.சி.யின் சொந்தக் கணக்குப்படியே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. கால்டெக் பல்கலைக்கழக மாணவர்கள் நிறுவனத்தின் பர்பேங்க் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். 1968 மார்ச்சில், தொடர் நீடிக்கும் என்று ஒளிபரப்பிலேயே அறிவிக்கப்பட்டது. ரசிகர் பார்வையில் அன்று தரம் தொடருக்குள் இருந்தது, ஆபத்து வெளியே இருந்தது.

மூன்றாவது சீசன் இந்தப் பிரிவினையைக் குலைத்தது. திங்கள் மாலை 7.30 என்று முதலில் பேசப்பட்ட நேரம் வெள்ளி இரவு 10 மணியாக மாறியது. தொடரின் முக்கியப் பார்வையாளர்களான இளைஞர்கள் வீட்டில் தங்காத நேரம் அது. இதை எதிர்த்த படைப்பாளி ஜீன் ராடன்பரி அன்றாடப் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். கதைகளைச் செப்பனிட்டு வந்த ஜீன் கூன் இரண்டாவது சீசனின் நடுவிலும், கதை ஆசிரியை டி.சி. ஃபொன்டானா அதன் முடிவிலும் விலகியிருந்தார்கள். முதல் சீசனில் ஓர் அத்தியாயத்துக்கு ஏறத்தாழ 1,90,000 டாலராக இருந்த நிதி 1,80,000க்கும் கீழே இறங்கியது; அதற்குள் நடிகர்களின் ஊதியமோ ஏறியிருந்தது. தயாரிப்பாளராக வந்தவர் ஃப்ரெட் ஃப்ரைபெர்கர். 1968 செப்டம்பர் 20 அன்று முதல் அத்தியாயமாக வந்தது ‘ஸ்பாக்கின் மூளை’. கப்பலின் அறிவியல் அதிகாரி ஸ்பாக்கின் மூளையை யாரோ களவாடிப்போக, மூளையற்ற உடலைத் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியால் நடத்திச் செல்லும் கதை அது. ரசிகர்கள் இன்றுவரை சரிவின் அடையாளமாகக் காட்டுவது இதைத்தான், அதன் பழியைச் சுமப்பவர் ஃப்ரைபெர்கர்.

ஆனால் அந்தக் கதையின் மேல் இருக்கும் லீ குரோனின் என்ற பெயர் புனைபெயர். எழுதியவர், முதல் இரு சீசன்களின் தரத்துக்குக் காரணம் என்று ரசிகர்கள் போற்றும் அதே ஜீன் கூன். விலகிப்போன பிறகு, வேறு வேலைக்கிடையில், கடமைக்காக அனுப்பிய கதைகளில் அது ஒன்று. திறமைசாலி ஒருவர் தொடரோடு அன்றாடத் தொடர்பு அற்றுப்போனால் அவர் எழுத்தும் தளர்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. அதே கூன் எழுதி அதே சீசனில் வந்த ‘துப்பாக்கியின் ஆவி’ மறுபக்கத்தைக் காட்டுகிறது. பழைய மேற்கத்திய நகரம் ஒன்றை வெளிப்புறத்தில் படமாக்கப் பணம் இல்லை. எனவே ஸ்டுடியோவுக்குள் சிவந்த வானத்தின் கீழ், பின்பக்கமே இல்லாத முகப்புச் சுவர்களையும் வெற்றுச் சட்டங்களையும் மட்டும் நிறுத்தினார்கள். வேற்றுக்கோளினர் கப்பல் தலைவரின் நினைவிலிருந்து அரைகுறையாக எடுத்துக் கட்டிய நகரம் என்று கதையும் அதற்கேற்ப அமைந்தது. வறுமை அங்கே கற்பனையாக மாறியது. ஆகவே பணக்குறைவு மட்டுமே தரத்தைக் கெடுத்துவிடுவதில்லை. அந்தக் குறைவுக்கேற்பக் கதையை வளைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்பதே கேள்வி.

1970கள்: ஒரே மனிதர், இரண்டு தொடர்கள்

1969 ஜூன் 3 அன்று 79 அத்தியாயங்களோடு தொடர் முடிந்த பிறகுதான் விவாதம் முறையாக வளர்ந்தது. உள்ளூர் நிலையங்கள் அத்தியாயங்களைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியதால் ஒரே கதையைப் பலமுறை பார்த்து ஒப்பிட முடிந்தது. 1967 முதலே ரசிகர் இதழ்கள் வெளிவந்தன. 1968இல் வெளியான ‘ஸ்டார் டிரெக் உருவான கதை’ நூல், நிதி ஒதுக்கீடு முதல் எழுத்தாளர் கையேடு வரை தயாரிப்பின் உள்விவரங்களைப் பொதுமக்கள் கையில் கொடுத்தது. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த முதல் பெரிய மாநாட்டில் சில நூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். மறுபார்வை, கூடிப்பேசும் களம், தயாரிப்பைப் பற்றிய அறிவு என்ற இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் வெறும் அதிருப்தி விமர்சனமாக உருப்பெற்றது.

இந்தப் புதிய விமர்சனத்துக்கு அடுத்த தேர்வாக அமைந்தது பிரிட்டனின் ‘ஸ்பேஸ்: 1999’. ஜெர்ரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும் உருவாக்கிய இத்தொடரில், அணுக்கழிவு வெடித்து நிலா பூமியை விட்டு விலகிப்போக, அதன்மேல் இருந்த ஆல்ஃபா தளத்தினர் விண்ணில் அலைகிறார்கள். 1975இல் வந்த முதல் சீசனின் 24 அத்தியாயங்கள் மெதுவானவை, புதிர்த்தன்மை கொண்டவை. இரண்டாவது சீசனுக்குத் தயாரிப்பாளராக அழைக்கப்பட்டவர் அதே ஃப்ரைபெர்கர். முதல் சீசனின் முக்கியப் பாத்திரமான பேராசிரியர் பெர்க்மன் திரையில் ஒரு வார்த்தை விளக்கம்கூட இன்றி மறைந்தார். விரிந்த கட்டளை மையம் சிறிய அறையாகச் சுருங்கியது. பாரி கிரேயின் இசை போய் டெரெக் வாட்ஸ்வொர்த்தின் இசை வந்தது. உருமாறும் ஆற்றல் கொண்ட மாயா என்ற பாத்திரம் சேர, வாராவாரம் அரக்கர்களும் சண்டைகளும் பெருகின. இன்னும் 24 அத்தியாயங்களில் தொடர் முடிந்தது. 1977-78இல் ஃப்ரைபெர்கர் ஏற்ற ‘ஆறு மில்லியன் டாலர் மனிதன்’ தொடருக்கும் அதுவே கடைசி சீசன் ஆனது. தொடர்களைக் கொல்பவர் என்ற பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது.

மூன்று தொடர்களிலும் ஒரே பெயர் வருவதால் பழி அவருடையதே என்பது பார்வைக்கு வலுவான வாதம். ஆனால் அவரை ஏன் அழைத்தார்கள் என்று கேட்டால் வாதம் தலைகீழாகிறது. ‘ஸ்பேஸ்: 1999’ஐ அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் வாங்கவில்லை, தனித்தனி நிலையங்களுக்கே விற்க முடிந்தது. அந்தச் சந்தையைப் பிடிக்க வேகமும் அதிரடியும் வேண்டும் என்று வற்புறுத்தியது தொடரின் தயாரிப்பு நிறுவனமான ஐ.டி.சி.யின் நியூயார்க் அலுவலகம். ஃப்ரைபெர்கர் வந்தது அந்தக் கட்டளையை நிறைவேற்ற. அவர் வருவதற்கு முன்பே சில்வியா ஆண்டர்சன் விலகிவிட்டார். காலநெருக்கடியில் இரண்டு அத்தியாயங்களை இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் படமாக்கின. ஏற்கெனவே நோயுற்ற தொடருக்கே அவரை அழைத்தார்கள் என்பதால், அவர் பெயர் இருந்த இடத்தில் எல்லாம் மரணமும் இருந்ததில் வியப்பில்லை. அவர் செய்த தேர்வுகளில் பல மோசமானவை என்பதை மறுக்க வேண்டியதில்லை. ‘லூட்டனின் விதிகள்’ போன்ற பலவீனமான கதையைப் புனைபெயரில் எழுதியவர் அவரே. ஆனால் அந்தப் பொறுப்பில் வேறொருவர் அமர்ந்திருந்தாலும் பழைய ஆசிரியர் குழுவோ நேரமோ திரும்பி வந்திருக்காது.

1980கள்: விமர்சகர் படைப்பாளியாகும்போது

பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ 1963 நவம்பர் 23 முதல் ஓடியது. 1985 தொடக்கத்தில் அது 18 மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. முன்பு 45 நிமிட அத்தியாயங்கள் 13, அதாவது 585 நிமிடம். 1986இல் திரும்பியபோது 25 நிமிட அத்தியாயங்கள் 14, மொத்தம் 350 நிமிடம். 1987 முதல் நாட்டின் மிகப் பிரபலமான ‘கோரனேஷன் ஸ்ட்ரீட்’ தொடருக்கு நேர் எதிராக ஒளிபரப்பாகி, 1989இல் நின்றது. ரசிகர்களின் கோபமோ 1980 முதல் தயாரிப்பாளராக இருந்த ஜான் நேதன்-டர்னர் மீதும் எழுத்தாளர்கள் மீதும் குவிந்தது.

1986இல் பி.பி.சி.யின் ‘ஓப்பன் ஏர்’ நிகழ்ச்சியில் கிறிஸ் சிப்னால் என்ற இளம் ரசிகர், எழுத்தாளர்கள் பிப், ஜேன் பேக்கர் இருவரின் முன்னிலையிலேயே அவர்கள் கதையைக் குறைகூறினார். அவரே பின்னாளில் தொடரின் தலைமைப் பொறுப்பை ஏற்று 2018 முதல் 2022 வரை நடத்தினார். அப்போது அடுத்த தலைமுறை ரசிகர்கள் அவர் மீதே அதே குற்றச்சாட்டை வைத்தார்கள். இது ரசிகர் விமர்சனம் வெறும் பேச்சு என்பதற்கான சான்று ஆகாது. குறையைக் கண்டுணர்வது ஒரு திறன், நெருக்கடிக்குள் இருந்துகொண்டு அதைத் தவிர்ப்பது வேறொரு திறன் என்பதைத்தான் அது காட்டுகிறது.

மூன்று மறுப்புகள்

சரிவு என்பதே மாயை, ரசிகர்கள் தங்கள் இளமையை இழந்ததைத் தொடரின் மேல் ஏற்றிப் புலம்புகிறார்கள் என்பது முதல் மறுப்பு. அப்படியானால் முந்தைய சீசன் எப்போதும் உயர்ந்ததாகவும் பிந்தையது எப்போதும் தாழ்ந்ததாகவும் தீர்ப்பு வர வேண்டும். அப்படி வரவில்லை. ஸ்டார் டிரெக்கின் மூன்றாவது சீசனைக் குறைகூறுபவர்களே அதில் வந்த ‘தோலியன் வலை’யைச் சிறந்த அத்தியாயங்களில் ஒன்றாக வைக்கிறார்கள். 2001 முதல் 2005 வரை வந்த ‘ஸ்டார் டிரெக்: என்டர்பிரைஸ்’ தொடரில் ரசிகர்கள் உயர்வாகப் பேசுவது கடைசி சீசனைத்தான்.

ரசிகர்கள் மாற்றத்தையே வெறுப்பவர்கள் என்பது இரண்டாவது மறுப்பு. 1966இல் டாக்டர் ஹூவின் நாயகனே வில்லியம் ஹார்ட்னெலிலிருந்து பேட்ரிக் டிரௌட்டனாக மாறினார். அந்த மாற்றம் கதைக்குள் விதியாக்கப்பட்டதால் தொடரின் உயிராகவே ஆகிவிட்டது. பெர்க்மன் மறைந்ததை ரசிகர்கள் மன்னிக்காததற்குக் காரணம் மாற்றம் அன்று, கணக்குச் சொல்லப்படாத மாற்றம். தொடர் தன் விதியைத் தானே மீறும் இடத்தை அவர்கள் சரியாகவே பிடிக்கிறார்கள்.

மூன்றாவது மறுப்பு என் வாதத்தையே தொடுகிறது. என்டர்பிரைஸின் நான்காவது சீசனுக்கு நிதி பெரிதும் குறைந்தது, ஃபிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறினார்கள், தரமோ உயர்ந்தது. நெருக்கடி சரிவைத் தரும் என்றால் இது எப்படி? விடை ஆட்களிலும் வடிவத்திலும் இருக்கிறது. பொறுப்பேற்ற மேனி கோட்டோ, பழைய தொடரை ஆழ்ந்து அறிந்த எழுத்தாளர்களைச் சேர்த்துக்கொண்டார். ஒரு கதையை இரண்டு மூன்று அத்தியாயங்களுக்கு நீட்டியதால் ஒரே அரங்கின் செலவு பகிரப்பட்டது. பணம் போனது, நினைவு திரும்பி வந்தது. எனவே வாதத்தை இப்படித் திருத்திச் சொல்லலாம்: வளம் சுருங்கும் அதே வேளையில் தொடரின் நினைவைச் சுமப்பவர்களும் வெளியேறினால் மட்டுமே சரிவு நிச்சயம்.

நம் அனுபவம்

1980களில் தூர்தர்ஷன் ஸ்டார் டிரெக்கை ஒளிபரப்பியது, ‘ஸ்பேஸ் சிட்டி சிக்மா’ என்ற இந்தி விண்வெளித் தொடரும் வந்தது. 1998இல் கேதன் மேத்தாவின் ‘கேப்டன் வியோம்’ வந்தது. இவற்றுக்கு நேசம் மிகுந்த பார்வையாளர்கள் இருந்தும் சீசன்களை எடைபோடும் விவாதம் இங்கே வளரவில்லை. காரணம் ரசனைக் குறைவு அன்று. தூர்தர்ஷன் தொடர்களைப் பெரும்பாலும் 13 அத்தியாயக் கணக்கில் அனுமதித்ததால் பல தொடர்கள் சரியும் அளவுக்கு நீளவே இல்லை. ஒருமுறை தவறவிட்டதை மறுபடி பார்க்க வழியும் இல்லை. மறுபார்வை, கூடிப்பேசும் களம், தயாரிப்பைப் பற்றிய அறிவு என்று மேலே சொன்ன மூன்றில் முதலாவது தமிழில் கைகூடியது அச்சில்தான். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் வந்தபோதும், அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’ வந்தபோதும், வாரப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்து வைத்த வீடுகள் ஏராளம். அந்தத் தொகுப்பைக் கையில் வைத்திருந்தவர்களால்தான் முதல் கதையையும் இரண்டாவதையும் நிறுத்து ஒப்பிட முடிந்தது.

இன்று எல்லாச் சீசன்களும் கைபேசியில் கிடைக்கின்றன. மறுபார்வை எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. எனவே தமிழில் வரும் நீண்ட தொடர்களைப் பற்றியும் இந்த விவாதம் இனி வலுக்கும், வலுக்கவும் வேண்டும். அது பயன்தர வேண்டுமானால் யார் கெடுத்தார் என்ற கேள்விக்கு முன்னால் மூன்று கேள்விகள் வர வேண்டும்: தொடரின் விதிகளை அறிந்த எழுத்தாளர்களில் யார் எஞ்சியிருக்கிறார்கள்? எழுதவும் படமாக்கவும் இருந்த நாள்கள் எவ்வளவு குறைந்தன? ஒளிபரப்பு நேரத்தையும் கதையின் போக்கையும் மாற்றச் சொன்னது எந்த அலுவலகம்? தயாரிப்பாளர்களுக்கும் இந்த வரலாற்றில் பாடம் உண்டு. செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது கதை ஆசிரியரின் நாற்காலியாக இருந்தால், மிச்சம் பிடித்த பணத்தைவிடப் பெரிய இழப்பு வந்து சேரும். அந்த இழப்பை முதலில் கண்டு சொல்பவர்கள் ரசிகர்கள்தாம். அவர்கள் சுட்டும் பெயரை ஆராய்ந்து ஏற்கலாம், விலக்கலாம்; அவர்கள் சுட்டும் குறையை அலட்சியம் செய்யக் கூடாது.